‘அங்கே பார்’ என்று சொல்வதற்கு முன்

இரத்தம் எடுக்கும் பிரிவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி, போன வருஷம் ஓய்வு பெற்ற என்னிடம் கேட்டார்கள். நரம்பைப் பிடிப்பது, பட்டியைக் கட்டுவது, எந்தக் குழாயை முதலில் நிரப்புவது என்பதெல்லாம் வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. பிள்ளைகளிடம் இரத்தம் எடுக்கும்போது அவர்களுடைய கவனத்தை வேறு பக்கம் திருப்பினால் நோவு குறையும் என்றும் சொல்லியிருப்பார்கள். அது உண்மை. முப்பத்தொரு வருஷம் நான் அதைத்தான் செய்தேன். அதில் பெரும்பகுதியைப் பிழையாகச் செய்தேன். அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

என் வீடு கொட்டாஞ்சேனையில். வேலை கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். பெயர் இங்கே தேவையில்லை. அங்கே சின்னப் பிள்ளை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ‘நோகாம எடுக்கிற மிஸி’ என்று தாதிமாருக்குள் எனக்கு ஒரு பெயர் இருந்தது. சில தாய்மார் கீழே வரவேற்பு மேசையிலேயே, “அந்த மிஸி இண்டைக்கு டியூட்டியா?” என்று கேட்டுவிட்டுத்தான் நம்பர் எடுப்பார்கள். அதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இருக்கும். மறைப்பானேன்.

என் முறை இதுதான். பிள்ளை வந்து உட்கார்ந்ததும் பெயரென்ன, பள்ளிக்கூடம் எது என்று கதை கொடுப்பேன். கதைத்துக்கொண்டே பட்டியைக் கட்டிவிடுவேன். ஊசியைக் கண்ணில் காட்டமாட்டேன். “ஊசி எல்லாம் இல்ல, மிஸி சும்மா கை பாக்கிறன்” என்பேன். பிறகு ஜன்னலைக் காட்டி, “அங்க பாருங்க, காகம் என்னத்தையோ தூக்கிட்டுப் போகுது” என்பேன். பிள்ளை திரும்பும். அந்த ஒரு விநாடி எனக்குப் போதும். அது அழத் தொடங்கும்போது குழாய் பாதி நிரம்பியிருக்கும். ஜன்னலில் காகம் இருந்ததா இல்லையா என்று நான் பார்த்ததே இல்லை.

பெரும்பாலான பிள்ளைகள் ஒரு தடவைதான் வருவார்கள். அழுவார்கள், ஒட்டுப் படம் ஒன்றை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த தடவை இன்னோர் இடத்தில், இன்னொரு மிஸியிடம் அந்தப் பிள்ளை எப்படி நடந்துகொண்டது என்று எனக்குத் தெரியாது. நம்முடைய வேலையில் இது பெரிய வசதி. ஆபத்தும் இதுதான். நாம் செய்ததன் மிச்சம் நம் கண்ணில் படுவதில்லை. வேறு யாரோ அதைச் சமாளித்துக்கொண்டிருப்பார்கள்.

எனக்கு ஒரு தடவை அது கண்ணில் பட்டது.

ஓய்வு பெறுவதற்கு ஐந்தாறு வருஷம் முன்பு, மழை விட்டு எங்கும் டெங்கு பரவியிருந்த சமயம். வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். ஏழு வயதுப் பிள்ளை. பெயரை மாற்றி ஸுமையா என்று வைத்துக்கொள்கிறேன். மூன்று நாளாகக் காய்ச்சல். டொக்டர் இரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது, ஆனாலும் கண் அறை முழுவதையும் அளந்துகொண்டிருந்தது. சுவரில் இருந்த மணிக்கூடு இரண்டு நிமிஷம் பிந்தி ஓடுகிறது என்று உம்மாவின் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும், இது ஏமாற்றக்கூடிய பிள்ளை இல்லை என்று.

கதிரையில் ஏறி உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள்.

“ஊசி குத்துவீங்களா?”

“இல்ல மகள். கை மட்டும் பாக்கிறன்.”

அவள் உம்மாவைப் பார்த்தாள். நான் உம்மாவுக்குக் கண் காட்டினேன்.

“ஓ, மிஸி சும்மா பாக்கிற. பயப்படாதீங்க” என்றார் அவர்.

நான் காகத்தைக் காட்டினேன். அவள் திரும்பினாள். நான் குத்தினேன்.

ஒரே குத்தில் இரத்தம் வந்தது. பிள்ளை அழவில்லை. கையில் நின்ற ஊசியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு உம்மாவைப் பார்த்தாள். உம்மாவைத்தான் அதிக நேரம் பார்த்தாள்.

“பொய் செல்லின” என்றாள்.

நான் சிரித்தேன். “பாருங்க, முடிஞ்சுது, நோகவே இல்லத்தானே?” என்று ஒட்டுப் படத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை. உம்மா வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். நான் அடுத்த நம்பரைக் கூப்பிட்டேன். அன்றைக்கு நாற்பது பேருக்கு மேல். மத்தியானத்துக்குள் அந்தப் பிள்ளையை மறந்தும் போனேன்.

அன்று பின்னேரமே அவளை வார்டில் அனுமதித்திருக்கிறார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற நேரம்தான் விழித்திருக்க வேண்டிய நேரம். இரத்தத்தில் உள்ள நீர் குழாய்களுக்கு வெளியே கசியத் தொடங்கினால் இரத்தம் தடித்துப்போகும். சில மணித்தியாலத்துக்கு ஒரு தடவை இரத்தம் எடுத்து, அந்தக் கணக்கை வைத்துத்தான் சேலைனைக் கூட்டுவார்கள், குறைப்பார்கள். கூடினாலும் பிழை, குறைந்தாலும் பிழை. அதாவது அந்தப் பிள்ளைக்கு நம்முடைய ஊசி ஒரு தடவையோடு முடிகிற விஷயமில்லை. அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு உயிரே அதில்தான் இருக்கிறது.

காய்ச்சல் இறங்கிய அன்று காலை பத்து மணிபோல் வார்டிலிருந்து எனக்குப் போன் வந்தது.

“அக்கா, கொஞ்சம் மேல வாறீங்களா? ஒரு பிள்ளை ஒருத்தருக்கும் கை குடுக்குதில்ல. நீங்க வந்தாச் சரியாயிடும்.”

சவர்க்கார நுரை ஊதும் சின்னப் போத்தல் ஒன்று எப்போதும் என் மேசையில் இருக்கும். அதைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கொஞ்சம் பெருமையோடுதான் போனேன்.

வாசலில் வைத்து வார்டு மிஸி நடந்ததைச் சொன்னாள். முதல் நாள் ராத்திரி ஒருத்தி போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டியிருக்கிறாள். பிள்ளை போனைத் தட்டிவிட்டது. அடுத்த தடவை இன்னொருத்தி பாட்டுப் பாடியிருக்கிறாள். பிள்ளை இரண்டு கையையும் வயிற்றுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுத்துக்கொண்டது. அன்று விடிய நாலு பேர் பிடித்து எடுக்கப் பார்த்திருக்கிறார்கள். பிள்ளை கையை உதறியதில் ஊசி நரம்பைத் துளைத்துக்கொண்டு போயிருக்கிறது. பிளேட்லட் குறைந்த உடம்பு. இடது முழங்கை மடிப்பில் என் உள்ளங்கை அளவுக்கு நீலம் பாரித்திருந்தது. கிடைத்த இரத்தம் பரிசோதனைக்குப் போதவில்லை. ஆகக் கடைசியாகக் கையில் இருந்த கணக்கு பல மணித்தியாலம் பழையது.

நான் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை என்னைக் கண்டது.

“இவதான்! இவதான்!”

அந்தச் சத்தத்தில் பக்கத்துக் கட்டில் குழந்தையும் அழத் தொடங்கியது. ஸுமையா கட்டிலின் தலைமாட்டுக்கு ஏறிச் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். காலில் ஏற்றியிருந்த சேலைன் குழாய் இழுபட்டது. உம்மா பிடிக்கப் போனார், அவரையும் தள்ளிவிட்டாள்.

அந்தத் தாய் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“மிஸி, நீங்க கண் காட்டின, நானும் செல்லின. இப்ப புள்ள எனக்கிட்டயும் வாறா இல்ல. தண்ணி குடுத்தாலும் கோப்பைக்குள்ள என்னமோ ஈக்கிது எண்டு பாக்கிறா.”

திரைச்சீலையை மூடிவிட்டு வந்துவிட்டேன்.

வெளியே நடைபாதையில், அந்த வார்டில் பல வருஷமாக வேலை செய்யும் உதவியாளர் ஒருவர் அழுக்கு விரிப்புகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். சிங்களப் பெண்மணி. இத்தனை வருஷத்தில் வார்டு வேலை பற்றி அவரிடம் நான் ஒரு கருத்துக் கேட்டதில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை. அவராகவே சொன்னார்.

“மிஸி, ஏ லமயா பய இந்திகட்டட்ட நெவெய்.”

அந்தப் பிள்ளைக்குப் பயம் ஊசிக்கு இல்லை என்றார். ஊசிக்குப் பயந்த பிள்ளை ஊசியைக் கண்டால்தான் அழும்; இது போனைக் கண்டால் அழுகிறது, பாட்டைக் கேட்டால் அழுகிறது, யாராவது சிரித்த முகத்தோடு உள்ளே வந்தால் அழுகிறது; தான் வெறுங்கையோடு விரிப்பு மாற்றப் போனால் பேசாமல் இருக்கிறது என்றார். இவ்வளவையும் சிங்களத்தில் சொல்லிவிட்டு விரிப்பு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இந்த வேலையில் எனக்குக் கிடைத்த மிக முக்கியமான பாடம் அதுதான். சொல்லி முடிக்க ஒரு நிமிஷமும் ஆகவில்லை.

வார்டு டொக்டர் வந்தார். யாழ்ப்பாணப் பக்கத்துப் பிள்ளை, வேலைக்கு வந்து இரண்டு மூன்று வருஷம்தான் இருக்கும்.

“மிஸி, எனக்கு இப்ப ரிசல்ட் வேணும். பிள்ளையின்ர கை கால் குளிரத் தொடங்கீற்று. எல்லாரும் சேர்ந்து பிடிச்சு எடுப்பம்.”

“பிடிச்சா திரும்பவும் நரம்பு உடையும் டொக்டர். காலையில அதுதான் நடந்தது.”

“பிந்தினா என்ன நடக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே?”

தெரியும். அதுதான் பிரச்சினை. இந்த இடத்தில் எனக்குச் சரியான விடை தெரிந்திருந்தது என்று நினைத்துவிடாதீர்கள். பிடித்து எடுப்பது பிழை என்றும் நான் சொல்லமாட்டேன். உயிர் போகிற அவசரத்தில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்; நானே எத்தனையோ பிள்ளைகளைப் பிடித்திருக்கிறேன். இங்கே நான் யோசித்தது ஒன்றைத்தான். பிடிப்பது ஏற்கெனவே ஒரு தடவை தோற்றுவிட்டது. மீண்டும் தோற்றால் இரண்டு கையும் நீலமாகிவிடும், அதற்குப் பிறகு எங்கே குத்துவது? இரக்கத்தில் நான் அந்த முடிவை எடுக்கவில்லை.

“பத்து நிமிஷம் தாங்க டொக்டர்.”

அவர் பிள்ளையின் நாடியையும் பிரஷரையும் இன்னொரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

“பத்து நிமிசம். அதுக்கு மேல என்னால ஏலாது. இடையில பிரஷர் இறங்கினா உடன நான் உள்ளுக்கு வருவன்.”

சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

பையிலிருந்த நுரைப் போத்தலை எடுத்து வெளியே மேசையில் வைத்தேன். ஊசித் தட்டை மூடாமல், எல்லாம் தெரியும்படி கையில் ஏந்திக்கொண்டு உள்ளே போனேன். சிரிக்கவில்லை. மற்ற மிஸிமார் எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன். தட்டை அவள் பார்க்கக்கூடிய இடத்தில், ஆனால் என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்தேன். கால்மாட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்தேன். அவள் கத்திக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு நிமிஷம் போயிற்று. பத்தில் ஒன்று. கத்தல் குறைந்து தேம்பலானது.

“ஸுமையா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். ஊசி இல்ல எண்டு சொல்லிட்டுக் குத்தினனான். அது என்ட பிழை. உம்மாவையும் நான்தான் அப்பிடிச் சொல்ல வெச்சனான்.”

அவள் தேம்பலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“இப்பவும் ஊசி இருக்கு. அதுதான், அந்தத் தட்டில. நோகும்.”

தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: “எவ்வளவு நோகும்?”

“நுளம்பு கடிக்கிறத விடக் கூட. கதவில விரல் நசியிறத விடக் குறைய.”

அவள் யோசித்தாள். “எனக்கு கதவுல நசிஞ்சீக்கி.”

“எந்த விரல்?”

வயிற்றோடு சேர்த்து ஒளித்து வைத்திருந்த வலது கையை எடுத்து நடுவிரலைக் காட்டினாள். அந்தக் கை அதற்குப் பிறகு ஒளியவில்லை.

“குத்தேக்க நீங்க பாக்கணுமா, பாக்காம இருக்கணுமா?”

“பாக்கணும்.”

“வேணாம் புள்ள, நீங்க இந்தப் பக்கம்—” என்று உம்மா தொடங்கினார். நான் கையை உயர்த்தி அவரை நிறுத்தினேன்.

“கதைச்சுக்கொண்டு எடுப்பமா, சத்தமில்லாம எடுப்பமா?”

“கதைச்சா நீங்க களவாக் குத்துவீங்க.”

“இல்ல. குத்தப் போறன் எண்டு சொல்லுவன். நீங்க ‘ம்’ எண்டாத்தான் குத்துவன்.”

“ஒரு தரம்தான்.”

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ‘ஓம் மகள், ஒரே ஒரு தரம்’ என்ற சொல் என் நாக்கு நுனியில் இருந்தது. அதைச் சொன்னால் கை உடனே கிடைத்துவிடும். நேரமும் போய்க்கொண்டிருந்தது. நீர் வற்றிச் சுருங்கிய நரம்பு அது. முதல் குத்தில் வரும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

“அப்பிடிச் சொல்ல எனக்கு ஏலாது மகள். ஒண்டுல எடுக்கப் பாக்கிறன். வராட்டி நிப்பாட்டிட்டு உங்களிட்டச் சொல்லுவன்.”

உம்மா கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்திருப்பார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பிள்ளை என் முகத்தைப் பார்த்தது. பிறகு பார்வை இறங்கி என் சீருடையில் நின்றது.

“உங்கட பொத்தான் பிழை.”

“என்ன பிழை?”

“மத்ததெல்லாம் ரெண்டு ஓட்டை. அது மட்டும் நாலு ஓட்டை.”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். போன மாதம் விழுந்த பொத்தானுக்குப் பதிலாக வீட்டில் கிடந்த ஒன்றைத் தைத்திருந்தேன். இதுவரை ஒருவரும் கவனித்ததில்லை.

“இதுக்குச் சோடி எங்க கிடைக்கும்?”

“எங்கட வாப்பாட கடையில ஈக்கி.”

அவளுடைய வாப்பா வெள்ளவத்தையில் பொத்தான், லேஸ், ஸிப் விற்கும் சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறார் என்று உம்மா சொன்னார். எனக்கு அந்தக் கடையைத் தெரியாது. அங்கே இழுத்துத் திறக்கும் லாச்சிகளில் எது எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் என் கேள்விகள் உண்மையான கேள்விகளாக இருந்தன. முக்காலியை மெல்ல இழுத்துக்கொண்டு கட்டில் பக்கம் போனேன். தட்டையும் எடுத்தேன். அவள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

“ரெண்டு ஓட்டைப் பொத்தான் எந்த லாச்சியில?”

“மேசைக்குப் பின்னால. மேல இருந்து மூணாவது.”

வலது கையின் பின்புறத்தில் ஒரு நரம்பு தெரிந்தது. பட்டியைக் கட்டினேன். “குத்தப் போறன்.”

வாசலில் டொக்டர் கால் மாற்றி நின்றார்.

“ம்.”

குத்தினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். கையை இழுக்கவில்லை. இரண்டு சொட்டு வந்தது. நின்றுவிட்டது.

பிள்ளை அசையாமல் இருக்கும்போது, ஊசியை உள்ளேயே கொஞ்சம் அப்படி இப்படித் தேடிப் பார்க்கத்தான் தோன்றும். ஐந்து விநாடி தேடினால் கிடைத்திருக்கலாம். கிடைக்காமலும் போயிருக்கலாம். நான் ஊசியை வெளியே எடுத்தேன்.

“வரல்ல மகள். நிப்பாட்டிட்டன்.”

பஞ்சை வைத்து அழுத்திப் பிடித்தேன். டொக்டர் வாசலில் மூன்று விரலைக் காட்டினார். மூன்று நிமிஷம்.

அப்போதுதான் அவள் அழுதாள். பழைய கத்தல் இல்லை. சாதாரணமாக நொந்த பிள்ளையின் அழுகை. உம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அவர் கிட்டப் போனார். இந்தத் தடவை தள்ளவில்லை.

“நோகுது உம்மா.”

“ஓ புள்ள. நோகும்தான்” என்றார் உம்மா. “இல்லை” என்று சொல்லவில்லை.

என் வேலைக்காலத்தில் ஆக நீளமான நிமிஷம் அதுதான். செய்வதற்கு எதுவும் இல்லை; கேட்டால் வற்புறுத்தியதாகிவிடும், கேட்காவிட்டால் நேரம் முடிந்துவிடும். பஞ்சை அழுத்திக்கொண்டு இருந்தேன். இன்னும் ஒரு நிமிஷத்தில் எழுந்து டொக்டருக்கு வழிவிட வேண்டியதுதான் என்று மனதைத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

அவள் இடது கையை நீட்டினாள்.

“நீலமான பக்கம் வேணாம். இங்க” என்று புறங்கையைத் தொட்டுக் காட்டினாள்.

குளிர்ந்து போயிருந்த அந்தக் கையை என் இரண்டு கைக்கும் நடுவில் வைத்துச் சூடாக்கினேன்.

“மூணாவது லாச்சிக்குக் கீழ என்ன இருக்கு?”

“ஸிப்.”

“அதுக்குக் கீழ?”

“லேஸ். வெள்ளை ஒரு பக்கம், கலர் ஒரு பக்கம். வாப்பா கலந்து போட்டா நான்தான் பிரிக்கிற.”

“குத்தப் போறன்.”

“கொஞ்சம் நில்லுங்க. அதுக்குக் கீழ கோட்டுப் பொத்தான். பெருசு. மண்ணிறமும் கறுப்பும்…” மூச்சை இழுத்தாள். “ம்.”

இரத்தம் வந்தது. மெதுவாக, ஆனால் நிற்காமல் வந்தது. குழாய் நிறைவதைப் பார்த்துக்கொண்டே அவள் கொக்கி எந்த லாச்சியில், குஞ்சம் எந்தக் கொளுவியில் தொங்குகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். மேல் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். தனக்கு அங்கே எட்டாது, நீங்களே போய்ப் பாருங்க என்றாள்.

டொக்டர் குழாயை என் கையிலிருந்து வாங்கித் தானே பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டு ஓடினார். இரத்தம் நன்றாகத் தடித்திருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்துச் சேலைனைக் கூட்டினார்கள். பின்னேரம் கை கால் சூடாகிவிட்டது என்று வார்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நான் கேட்டு வாங்கிய அந்தப் பத்து நிமிஷத்துக்குள் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் இந்தக் கதையை நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன், எழுதாமலும் விட்டிருப்பேன். அதையும் நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அடுத்த இரண்டு நாளும் எத்தனையோ தடவை இரத்தம் எடுத்தோம். நான் இருந்த நேரத்தில் நானே போனேன். இல்லாத நேரத்துக்கு ஒரு காகிதத்தில், ‘சொல்லிவிட்டுக் குத்தவும். பார்க்க விடவும். ‘ம்’ வரும்வரை பொறுக்கவும்’ என்று தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். வார்டுக்குப் பொறுப்பான சிஸ்டர் வந்து அதை வாசித்தார். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். பேனையை எடுத்துக் கடைசி வரியின் கீழே ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார்.

மூன்றாவது நாள் ஸுமையாவிடம் கேட்டேன், கதைத்துக்கொண்டு எடுக்கும்போது நோவு குறைகிறதா என்று. “கொஞ்சம் குறைய” என்றாள். ஆகவே நான் முன்பு செய்ததும் பின்பு செய்ததும் ஒரே வேலைதான். இரண்டிலும் பிள்ளையின் கவனம் வேறு இடத்தில் இருந்தது. ஆனால் முதலில் நான் அவளுடைய கண்ணைத் திருடினேன். பிறகு அவளாகவே தன் கவனத்தை எடுத்து வேறு இடத்தில் வைத்தாள். ஒரே ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு தடவை என்றால் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. இரண்டாவது தடவைதான் தெரியும்.

இதை ஒரு சூத்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த மாதமே நான் அந்தப் பிழையையும் செய்தேன். கொட்டாஞ்சேனையில் எங்கள் தேவாலயப் பக்கத்து வீட்டுப் பையன், ஒன்பது வயது, தகப்பன் துறைமுகத்தில் கிளார்க். பார்க்கிறாயா, கதைக்கிறாயா என்று அவனிடம் வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனேன். பையனின் முகம் வெளுத்துப் போயிற்று. “அன்டி, கேக்காதீங்க, கெதியா எடுங்க” என்றான். சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணை மூடிக்கொண்டான். எடுத்து முடித்தேன். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான் என்று அன்றைக்கு விளங்கியது: ‘உங்களுக்கு எப்பிடி எடுத்தா லேசு?’ சில பிள்ளைகளுக்கு நுரை வேண்டும். சிலருக்குப் போன் வேண்டும், அதைத் தாராளமாகக் கொடுங்கள். ஊசி இருக்கிறது என்று மட்டும் முன்னமே சொல்லிவிடுங்கள். கேள்வி கேட்பதானால் உங்களுக்குப் பதில் தெரியாத கேள்வியாகக் கேளுங்கள். சும்மா கேட்கிறீர்களா, உண்மையிலேயே கேட்கிறீர்களா என்று பிள்ளைகளுக்குத் தெரியும்.

பெற்றோரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். நீங்கள் அரை மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்தத் தாய் அந்தப் பிள்ளையோடு இருக்க வேண்டும்.

ஸுமையா சுகமாகி வீட்டுக்குப் போனாள். இரண்டு கிழமை கழித்து, கடைசியாக ஒரு தடவை இரத்தம் பார்ப்பதற்காக உம்மாவோடு என் அறைக்கு வந்தாள். கன்னத்தில் சதை திரும்பியிருந்தது. வெள்ளைச் சீருடையில் இருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். அவள் ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடிப்பாள் என்று எனக்குள் ஒரு ஆசை இருந்தது. அவ்வளவு நடந்த பிறகு அப்படித்தான் முடியும் என்று நினைத்திருந்தேன்.

அவள் வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“கையக் காட்டுங்க.”

நான் இரண்டு கையையும் நீட்டினேன்.

“மத்தப் பக்கம்.”

திருப்பிக் காட்டினேன். விரல்களுக்கு இடையிலும் பார்த்தாள். வெளியே வரிசையில் ஆட்கள் நின்றார்கள். உம்மா சங்கடப்பட்டு, “புள்ள, மிஸிக்கு வேலை ஈக்கி” என்றார். நான் கையை இறக்கவில்லை.

“இண்டைக்கு ஊசி ஈக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கு” என்றேன்.

அவள் வந்து கதிரையில் ஏறி உட்கார்ந்தாள்.